டர்போ காரில் ஆயில் சூடு: கெட்டி ஆயிலா, கூலரா, ஓட்டும் பழக்கமா?

டர்போ கார் (புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் கருவி உள்ள கார்) வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. ஓபிடி கருவி (காரின் கணினியில் உள்ள எண்களைப் படித்துக் காட்டுவது) மாட்டியிருக்கிறேன் (அல்லது காரின் திரையிலேயே ஆயில் டெம்பரேச்சர் காட்டுகிறது), மலை ஏறும்போது 118 டிகிரி வந்துவிட்டது, கூலன்ட் (ரேடியேட்டரில் ஓடும் திரவம்) 95-லேயே நிற்கிறது, இது ஆபத்தா, ஆயில் கூலர் போட வேண்டுமா, இல்லை இன்னும் கெட்டியான 40 கிரேடு ஆயிலுக்கு மாறினால் போதுமா?

118 ஆபத்து இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஒரு எண்ணைப் பார்த்துப் பயந்து தேவையில்லாத கூலரை மாட்டி, பிறகு அதில் ஆயில் கசிவு வந்து அவதிப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லும் முன் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: டர்போ எஞ்சினில் ஆயிலைக் கெடுக்கும் சூடு ஒன்று அல்ல, இரண்டு.

முதலாவது, ஓடும்போது ஏறும் சூடு. பிஸ்டனுக்கு அடியில் பீய்ச்சப்படும் ஆயில், பேரிங்குகளின் உராய்வு, டர்போ வழியாகப் போய் வரும் ஆயில், எல்லாம் சேர்ந்து சம்ப்பில் (எஞ்சினின் அடித்தொட்டியில்) இருக்கும் மொத்த ஆயிலையும் சூடாக்கும். திரையில் நீங்கள் பார்ப்பது இதைத்தான். இரண்டாவது, எஞ்சினை நிறுத்திய பிறகு வரும் சூடு. பெட்ரோல் டர்போவில் டர்பைன் (புகை சுழற்றும் சக்கரம்) பக்கம் வரும் புகை 900 டிகிரியைத் தாண்டும். விரட்டி ஓட்டிவிட்டு உடனே சாவியைத் திருப்பினால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும், ஆனால் அடுப்பை அணைத்த பிறகும் கல்லில் சூடு நிற்பது போல டர்பைன் பக்கத்து இரும்பில் சூடு நிற்கும், அது மெல்ல பேரிங் பக்கம் நகர்ந்து அங்கே தேங்கி நிற்கும் கொஞ்ச ஆயிலைக் கரியாக்கும். இந்தச் சூடு திரையில் தெரியவே தெரியாது. சம்ப் 105 காட்டிக்கொண்டிருக்கும்போதே டர்போ பேரிங்கில் கரி படியலாம்.

எந்தச் சூடு உங்கள் பிரச்சினை என்று தெரியாமல் தீர்வை வாங்கினால், பெரும்பாலும் தவறானதைத்தான் வாங்குவீர்கள்.

## எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்

கீழே இருப்பது நல்ல சிந்தெடிக் ஆயில் ஊற்றிய, சாலையில் ஓடும் டர்போ காருக்கான பொதுவான அளவு. உங்கள் காரின் கையேட்டில் வேறு வரம்பு இருந்தால் அதுதான் செல்லும்.

| சம்ப் ஆயில் சூடு (செல்சியஸ்) | நிலைமை | செய்ய வேண்டியது |
|---|---|---|
| 70-க்குக் கீழே | ஆயில் இன்னும் கெட்டி, ஈரமும் கலந்த பெட்ரோலும் வெளியேறாது | ஆக்சிலேட்டரை அழுத்தாமல் நிதானமாக ஓட்டுவது |
| 90 – 110 | எஞ்சினுக்குப் பிடித்த இடம் | ஒன்றும் வேண்டாம் |
| 110 – 120 | ஏற்றம், பாரம், நீண்ட நேர வேகம் | கவலை வேண்டாம் |
| 120 – 130 | சிந்தெடிக் தாங்கும், மினரல் ஆயில் தாங்காது | அடிக்கடி வந்தால் ஆயிலைச் சீக்கிரம் மாற்றுவது |
| 130 – 140 | விளிம்பு | வேகத்தைக் குறைத்து இறங்க விடுவது |
| 140-க்கு மேல் | பேரிங்கில் ஆயில் படலம் மிக மெலிது | உடனே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பது, பிறகு ஆயிலை மாற்றுவது |

90-க்குக் கீழேயே எப்போதும் நிற்பதும் நல்லதல்ல, இதைப் பலர் கவனிப்பதில்லை. நேரடி ஊசி (சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சும்) பெட்ரோல் எஞ்சின்களில் பெட்ரோல் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும், எஞ்சினுக்குள் தண்ணீர் ஆவியும் சேரும். இவை ஆவியாகி வெளியேற ஆயில் 100 டிகிரிப் பக்கம் கொஞ்ச நேரமாவது இருக்க வேண்டும்.

இன்னொன்று, உச்சத்தைவிட நேரம்தான் முக்கியம். 10 டிகிரி ஏறினால் ஆயில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் பழகிய கணக்கு. அப்படியென்றால் 130-ல் ஒரு மணி நேரம் என்பது 110-ல் நாலு மணி நேரத்துக்குச் சமம். இரண்டு நிமிடம் 128-ஐத் தொட்டு இறங்குவது வேறு, அதிலேயே அரை மணி நேரம் நிற்பது வேறு.

எண் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். சில கார்களில் சென்சார் சம்ப்பில் இருக்கும், சிலவற்றில் பில்டர் பக்கம், சிலவற்றில் சென்சாரே இல்லாமல் கணினி கணக்குப் போட்டுக் காட்டும். கூலருக்குப் பிறகு சென்சார் இருந்தால் எண் குறைவாகத் தெரியும். வேறு காரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட வேண்டாம்.

## எதை வைத்து எடை போடுவது

ஒவ்வொரு வழியையும் இந்தக் கேள்விகளோடு பார்க்கப் போகிறேன். ஓடும்போது ஏறும் சூட்டை உண்மையிலேயே குறைக்கிறதா, இல்லை அதைத் தாங்கும் சக்தியை மட்டும் கொடுக்கிறதா? நிறுத்திய பிறகு டர்போவில் தேங்கும் சூட்டுக்கு ஏதாவது செய்கிறதா? குளிர்ந்த எஞ்சினுக்கும் குறுகிய பயணங்களுக்கும் கேடு செய்கிறதா? புதிதாகக் கசியவோ உடையவோ ஏதாவது சேர்கிறதா? வாரண்டி என்ன ஆகும்? முதல் செலவு ஒரு பக்கம் இருக்கட்டும், ஒவ்வொரு சர்வீஸிலும் கூடுதலாக என்ன கொடுக்க வேண்டியிருக்கும்?

எதையும் வாங்கும் முன் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பியை) இழுத்துப் பாருங்கள். டர்போ எஞ்சின்கள் கொஞ்சம் ஆயில் குடிக்கும். பெரும்பாலான கார்களில் மேல் குறிக்கும் கீழ் குறிக்கும் இடையே ஏறக்குறைய 1 லிட்டர் இருக்கும். 4 லிட்டர் பிடிக்கும் எஞ்சினில் கீழ் குறியில் ஓட்டுகிறீர்கள் என்றால் கால்வாசி ஆயில் இல்லை, மிச்சம் இருப்பதே எல்லா வேலையையும் செய்து சுற்றி வருகிறது, ஆற நேரமில்லை. அதோடு ரேடியேட்டர் துடுப்புகளில் சேறும் பூச்சியும் அடைத்திருக்கிறதா, கூலன்ட் எப்போது மாற்றியது என்றும் பாருங்கள். இவை சரியானதும் எண் இறங்கிவிடுகிற கார்கள் நிறைய.

## வழி 1: ஓட்டும் பழக்கம், சீக்கிரமான ஆயில் மாற்றம்

கேட்கும்போது இது ஒரு தீர்வு மாதிரியே தோன்றாது, அதனால்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஆனால் நிறுத்திய பிறகு வரும் சூட்டை ஓட்டுநரே நேரடியாகக் கவனித்துக்கொள்ளும் வழி இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான்.

போய்ச் சேரும் இடத்துக்கு முன்னால் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறாமல் நிதானமாக ஓட்டினால் டர்போ தானாக ஆறிவிடும், அதன் பிறகு ஐடிலில் காத்திருக்கவே தேவையில்லை. நெடுஞ்சாலையில் விரட்டிக்கொண்டு வந்து நேராக பெட்ரோல் பங்கில் நுழைகிறீர்கள் என்றால், அல்லது ஏற்றம் முடிந்த இடத்திலேயே நிறுத்துகிறீர்கள் என்றால், அப்போது மட்டும் ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள். சாதாரண நகர ஓட்டத்துக்குப் பிறகு நிறுத்தி ஐந்து நிமிடம் ஓட விடுவதில் எந்தப் பயனும் இல்லை. இப்போது வரும் பல கார்களில் டர்போவைச் சுற்றி கூலன்ட் ஓடுகிறது, எஞ்சின் நின்ற பிறகும் தனி மின் பம்ப் அதைச் சுற்ற வைக்கும். உங்கள் காரில் அது இருந்தால் பாதிக் கவலை போய்விட்டது. சிக்னலில் தானாக எஞ்சினை நிறுத்தும் வசதி இருந்தால், விரட்டி ஓட்டும் நாளில் மட்டும் அதை அணைத்து வையுங்கள்.

காலையில் செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர்ப்பக்கம். கூலன்ட் முள் நடுவில் வந்துவிட்டது என்றால் ஆயிலும் சூடாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை, ஆயில் எப்போதும் பின்தங்கித்தான் வரும். அதுவுமில்லாமல் பல கார்களில் கூலன்ட் முள் ஒரு பெரிய வரம்புக்குள் அசையாமல் நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். ஆயில் 70, 80 வரும் வரை காலை அடக்கி வையுங்கள்.

ஆயில் மாற்றும் இடைவெளியைப் பொறுத்தவரை, பெரும்பாலான கையேடுகளில் கடினமான பயன்பாடு என்று தனியாக ஒரு வரி இருக்கும். மலைப்பாதை, பாரம், தூசு, குறுகிய பயணங்கள், நெரிசல் எல்லாம் அதில்தான் வரும். டர்போ கார் ஓட்டும் பலர் அந்தப் பிரிவில் இருந்துகொண்டே நீண்ட இடைவெளியைப் பின்பற்றுகிறார்கள். இதன் மறைமுகச் செலவு அதுதான்: ஆண்டுக்கு ஒரு ஆயில் மாற்றம் கூடும். இன்னொன்று, காரை வீட்டில் வேறு ஒருவரும் ஓட்டினால் அவருக்கும் இந்தப் பழக்கம் வர வேண்டும். கசிய ஒன்றுமில்லை, வாரண்டிக்குப் பாதிப்பில்லை.

## வழி 2: ஒரு கிரேடு கெட்டியான ஆயில்

இங்கே குழப்பம் அதிகம். கெட்டி ஆயில் ஊற்றினால் சூடு குறையும் என்று நினைக்கிறார்கள். குறையாது, உள் உராய்வு கூடுவதால் சிலசமயம் ஒன்றிரண்டு டிகிரி கூடவே காட்டும். அது தருவது தாங்கும் சக்தி.

எவ்வளவு? பொதுவான ஒரு 5டபிள்யூ-30 ஆயில் (கடைசி எண் பெரிதானால் சூட்டில் ஆயில் கெட்டி) 100 டிகிரியில் 11 சென்டிஸ்டோக் (கெட்டியை அளக்கும் அலகு) அளவு கெட்டியாக இருக்கும். அதே ஆயில் 130-க்குப் போனால் 6 பக்கம் இறங்கிவிடும், ஏறக்குறைய பாதி. பொதுவான 5டபிள்யூ-40 ஆயில் 110 டிகிரியில் இருக்கும் கெட்டி, 5டபிள்யூ-30 ஆயில் 100 டிகிரியில் இருப்பதற்குச் சமமாக வரும். ஆக ஒரு கிரேடு ஏற்றினால் உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 10 டிகிரி இடைவெளி, அவ்வளவுதான். வழக்கமாக 122 தொடும் காருக்கு அது நல்ல இடைவெளி. 142 தொடும் காருக்கு அது போதவே போதாது.

டப்பாவில் முன்னால் எழுதியிருக்கும் எண்ணைவிட, 150 டிகிரியில் பேரிங் போன்ற அழுத்தத்தில் அளக்கும் ஹெச்டிஹெச்எஸ் அளவுதான் டர்போவுக்கு அதிகம் சொல்லும். 30 கிரேடுக்குக் குறைந்தபட்சம் 2.9, 5டபிள்யூ-40 ஆயிலுக்கு 3.5. ஆனால் ஏசிஇஏ (ஐரோப்பிய கார் உற்பத்தியாளர்கள் சங்கம்) வகுத்த சி3 தரம் கொண்ட 5டபிள்யூ-30 ஆயிலும் 3.5-ஐத் தாண்டியே ஆக வேண்டும். அதனால் உங்கள் கையேடு அனுமதித்தால், கிரேடை மாற்றாமலேயே சி3 தரத்துக்குப் போய் அந்தத் தாங்கும் சக்தியில் பெரும்பங்கைப் பெறலாம். இது பலருக்குத் தெரியாத நல்ல வழி, நான் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

மறைமுகச் செலவுகள் உண்டு. 0டபிள்யூ-20 ஆயிலுக்காக வடிவமைத்த எஞ்சினில் வால்வு டைமிங்கும் ஆயில் பம்பும் அந்த மெல்லிய ஆயிலை நம்பி இயங்குகின்றன, இரண்டு கிரேடு தாவினால் குளிரில் அவை சோம்பலாகும், எரிபொருளும் கொஞ்சம் கூடும். கையேட்டில் இல்லாத கிரேடு என்றால் வாரண்டிக் கேள்வி வரும். அப்புறம் சிறிய நேரடி ஊசி டர்போக்களில் குறைந்த ஆர்பிஎம்மில் பெட்ரோல் முன்கூட்டியே தானாகப் பற்றி பிஸ்டனையே உடைக்கும் பிரச்சினை ஒன்று உண்டு, ஆயிலில் கால்சியம் சேர்மம் அதிகமிருந்தால் அது கூடும். அதைத் தடுக்கத்தான் 2018-ல் ஏபிஐ-யின் (அமெரிக்க பெட்ரோலிய அமைப்பு) எஸ்என் பிளஸ் தரமும் 2020-ல் எஸ்பி தரமும் வந்தன. ரேசிங் என்று எழுதிய பல கெட்டி ஆயில்கள் இந்தத் தரத்தைப் பெற்றவை அல்ல. டப்பாவில் எஸ்பியோ அதற்குப் பிந்தைய தரமோ இல்லையென்றால், அது எவ்வளவு பெயர் பெற்ற ஆயிலாக இருந்தாலும் இந்த வகை எஞ்சினில் ஊற்றாதீர்கள். புகை வடிகட்டி உள்ள காரில் சாம்பல் குறைந்த வகையும் கட்டாயம்.

டர்போவில் தேங்கும் சூட்டைப் பொறுத்தவரை கெட்டியால் பயனில்லை, தரத்தால் பயனுண்டு. நல்ல சிந்தெடிக் ஆயில் மினரலைவிடக் குறைவாக ஆவியாகும், குறைவாகக் கரியாகும்.

## வழி 3: காற்றில் ஆறும் ஆயில் கூலர்

ஓடும்போது ஏறும் சூட்டை அடித்து இறக்குவதில் இதற்கு ஈடு இல்லை. பில்டர் அடியில் ஒரு தட்டு, இரண்டு ஹோஸ், பம்பருக்குப் பின்னால் ஒரு சிறிய ரேடியேட்டர். டிராக்கில் ஓடும் கார், ட்யூன் செய்து பவர் ஏற்றிய கார், வெயிலில் வண்டியை இழுத்துக்கொண்டு நீண்ட ஏற்றம் ஏறும் கார், இவற்றுக்கு இது தேவை, சந்தேகமே வேண்டாம்.

ஆனால் டர்போவைக் காப்பாற்றத்தான் கூலர் போடுகிறேன் என்று சொல்பவர்கள் யோசிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. எஞ்சினை நிறுத்தியதும் ஆயில் ஓட்டம் நின்றுவிடும், கூலர் முன்னால் சும்மா இருக்கும். கொஞ்சம் குறைந்த சூட்டில் ஆயில் நிற்கிறது என்பதைத் தவிர, டர்பைன் பக்கத்திலிருந்து நகர்ந்து வரும் சூட்டை அது தொடவே தொடாது.

மறைமுகச் செலவுகள் இதில்தான் அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தெர்மோஸ்டாட் (ஆயில் சூடான பிறகே கூலருக்கு வழி விடும் வால்வு) இல்லாத தட்டு விலை குறைவு, பலர் அதைத்தான் வாங்குகிறார்கள், அது மாட்டிய கார் குளிர்காலத்தில் நெடுஞ்சாலையிலேயே 75-ஐத் தாண்டாமல் ஓடும், ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் தங்கும், தேய்மானம் கூடும். கூலரே இல்லாமல் இருப்பது இதைவிட மேல். 80, 85 டிகிரி வாக்கில் திறக்கும் தெர்மோஸ்டாட் உள்ள தட்டு மட்டும்தான் வாங்க வேண்டும். ஒவ்வொரு ஹோஸ் முனையும் கசியக்கூடிய ஓர் இடம், அழுத்தத்தில் ஓடும் ஆயில் என்பதால் ஒரு முனை கழன்றால் சில நொடிகளில் எஞ்சின் காலியாகிவிடும். முன்னால் இருப்பதால் கல் அடிக்கும். ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் போகும் காற்றை இது மறைத்தால் ஆயில் இறங்கி கூலன்ட் ஏறும். ஒவ்வொரு சர்வீஸிலும் கூலரில் நிற்கும் பழைய ஆயில் முழுதாக வடியாது, புது ஆயிலும் கூடுதலாகப் பிடிக்கும். என்றாவது பேரிங் உதிர்ந்து எஞ்சின் போனால், அந்த உலோகத் துகள்கள் கூலரின் மெல்லிய குழாய்களில் தங்கிவிடும், கழுவி எடுக்க முடியாது, கூலரையும் புதிதாகத்தான் போட வேண்டும். பழையதை வைத்தே புது எஞ்சினை ஓட்டினால் அதுவும் போகும். நெரிசலில் நிற்கும்போது காற்று இல்லாததால் கூலர் பெரிதாக வேலை செய்யாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாரண்டியில் இருக்கும் காரில் இதைத் தொடாதீர்கள்.

## வழி 4: கூலன்ட் வழியாக ஆற்றுவது

ஆயிலும் கூலன்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடிச் சூட்டைப் பரிமாறும் சிறிய பெட்டி. பல டர்போ கார்களில் இது பில்டர் பக்கத்தில் கம்பெனியிலேயே வந்திருக்கும், வாங்கப் போகும் முன் உங்கள் காரில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள்.

காலையில் கூலன்ட் முதலில் சூடாவதால் இது ஆயிலையும் சீக்கிரம் சூடாக்கும், பிறகு சூடு ஏறும்போது இறக்கும். இரண்டு பக்கமும் உதவுகிற ஒரே வழி. தெருவில் ஓடும் காருக்கு என் விருப்பம் இதுதான். அதன் வரம்பு, கூலன்ட் சூட்டுக்குக் கீழே இது ஆயிலை இறக்கவே முடியாது என்பது. கூலன்ட் 100-ல் இருந்தால் ஆயில் 110, 115-ல் நிற்கும். அதோடு ஆயிலின் சூடு முழுவதும் ரேடியேட்டர் தலையில் விழும், அது பலவீனமாக இருந்தால் இரண்டும் சேர்ந்து ஏறும். உள்ளே சுவர் அரித்தால் ஆயிலும் கூலன்டும் கலந்துவிடும், பார்ப்பவர்கள் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள தகடு) போய்விட்டது என்று எஞ்சினைத் திறக்கச் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் முதலில் இந்தப் பெட்டியைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

பெரிய சம்ப் போடுவதைப் பற்றியும் கேட்பார்கள். கூடுதல் ஆயில் சூடு ஏறும் வேகத்தைத் தாமதப்படுத்தும், ஆனால் நீண்ட ஏற்றத்தில் கடைசியில் அதே எண்ணுக்கு வந்துவிடும். தரையில் அடிபடும் ஆபத்தும் உண்டு. சாலைக் காருக்குத் தேவையில்லை.

## பக்கம் பக்கமாக

| | பழக்கமும் ஆயில் மாற்றமும் | கெட்டி ஆயில் | காற்றுக் கூலர் | கூலன்ட் வழி |
|---|---|---|---|---|
| ஓடும்போது சூடு இறங்குமா | ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் | இல்லை | நன்றாக | ஓரளவு |
| நிறுத்திய பிறகு டர்போ சூடு | நேரடியாக உதவும் | தரம் நல்லதென்றால் கொஞ்சம் | உதவாது | உதவாது |
| காலைக் குளிரில் | நல்லது | கொஞ்சம் கேடு | தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் கேடு | நல்லது |
| புதுக் கசிவு இடங்கள் | இல்லை | இல்லை | நிறைய | சில |
| வாரண்டி | பாதிப்பில்லை | கையேட்டுக்குள் இருந்தால் பாதிப்பில்லை | சிக்கல் | கம்பெனி பொருத்தியது என்றால் பாதிப்பில்லை |

## உங்கள் நிலைமைக்கு எது

அலுவலகம், வீடு, எப்போதாவது நெடுஞ்சாலை, அதிகபட்சம் 115: வழி 1 மட்டும். வேறு எதற்கும் காசு செலவழிக்காதீர்கள். பயணம் எல்லாமே குறுகியது என்றால் உங்கள் கவலை அதிகச் சூடு அல்ல, ஆயில் 90-ஐத் தொடாதது. வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள்.

மலைப்பாதையில் அடிக்கடி முழு ஆளும் சுமையும் ஏற்றி 120 முதல் 128 வரை போகிறது: வழி 1-ம் வழி 2-ம் சேர்த்து. கையேடு அனுமதிக்கும் கிரேடுகளில் மேல் கிரேடு, ஹெச்டிஹெச்எஸ் 3.5, எஸ்பி தரம் தேவைப்படும் எஞ்சின் என்றால் அதுவும். ஏற்றத்தில் உயர் கியரில் முக்கி முக்கி ஏறாமல் ஒரு கியர் குறைத்து ஏறுங்கள், பூஸ்ட் குறையும், கூலன்ட் பம்பும் வேகமாகச் சுழலும்.

வாரண்டி முடிந்துவிட்டது, காரில் கூலன்ட் வழிப் பெட்டி இல்லை, அதே எஞ்சினின் கூடுதல் பவர் வகையில் கம்பெனியே அதைப் பொருத்துகிறது: அந்தப் பாகங்களை வாங்கிப் போடுவது தனிக் கடைக் கூலரைவிடப் பத்திரம்.

டிராக், ட்யூன், இழுவை, 130-க்கு மேல் நிமிடக் கணக்கில் நிற்கிறது: காற்றுக் கூலர், தெர்மோஸ்டாட்டோடு, நல்ல ஹோஸோடு, ஏற்கெனவே இந்த வேலை பார்த்த மெக்கானிக்கிடம். ஆயில் பிரஷர் மீட்டரும் சேர்த்துப் போடுங்கள். ஒரே ஆயில், ஒரே சூடு, ஒரே ஆர்பிஎம்மில் பிரஷர் மாதத்துக்கு மாதம் இறங்கினால் பிரச்சினை சூடு அல்ல, பேரிங்கோ பம்போ தேய்ந்திருக்கலாம், அல்லது பெட்ரோல் கலந்து ஆயில் மெலிந்திருக்கலாம்.

பழைய டர்போ காரை வாங்கியிருக்கிறீர்கள், முன்பு எப்படி ஓட்டினார்கள் என்று தெரியாது: அப்போது மேலே சொன்ன எதுவும் முதல் வேலை இல்லை. டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் ஃபீட் பைப்பையும், ஆயில் திரும்பி வரும் பைப்பையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே கரி படிந்து ஓட்டை சுருங்கியிருந்தால் சம்ப்பில் எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் டர்போவுக்கு ஆயில் போதாது. பைப்பைக் கழுவுவதைவிடப் புதிதாகப் போடுவது நல்லது, முனையில் பிடிக்கும் போல்ட்டுக்குள் சல்லடை இருந்தால் அதையும் மாற்றுங்கள். அதன் பிறகு புது ஆயில் ஊற்றி, முதல் ஆயிலை மட்டும் வழக்கத்தைவிடப் பாதித் தூரத்திலேயே மாற்றிவிட்டு, அப்போது வரும் எண்ணை வைத்து மேலே உள்ள வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.